மெஸ்ஸியின் 2022: உச்சம் நவம்பரில் வந்தது எப்படி?

கேள்வி இது: "கத்தார் உலகக் கோப்பைக்கு ஏழெட்டு மாதம் முன்புவரை பாரிஸில் மெஸ்ஸியின் காலம் முடிந்துவிட்டது என்றார்கள். போட்டி தொடங்கும்போது அதே ஆள் உச்ச ஃபார்மில் இருந்தார். பெரிய போட்டிக்குச் சரியாக முன்னால் இப்படி உச்சத்துக்கு வருவது திட்டமிட்டுச் செய்யக்கூடியதா, தற்செயலா?"

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் பெரும்பங்கு காலண்டருக்கு. அடுத்த பங்கு, அந்தக் காலண்டரைப் பார்த்துத் தன் உடம்பையும் ஆட்டத்தையும் பக்குவமாகக் கொண்டுபோன மெஸ்ஸிக்கு. மிச்சம் அர்ஜென்டினா அணிக்கு. வழக்கம்போல ஜூன் மாதத்தில் உலகக் கோப்பை நடந்திருந்தால், 2022இன் கதை வேறு ஒருவரைப் பற்றியதாக இருந்திருக்கலாம். அது யார் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த மோசமான வருடம். 2021 ஜூலை 10ஆம் தேதி மரக்கானாவில் பிரேசிலை 1-0 என்று வென்று மெஸ்ஸி தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா கோப்பையைத் தூக்கினார். அதன் பிறகு விடுமுறை. ஆகஸ்ட் 8ஆம் தேதி பார்சிலோனாவில் அழுதுகொண்டே விடைபெற்றார். இரண்டே நாளில் பாரிஸ் கிளப்போடு ஒப்பந்தம். ஆகஸ்ட் 29இல் ரீம்ஸுக்கு எதிராக மாற்று வீரராக முதல் ஆட்டம். இதற்கு நடுவில் சீசனுக்கு முந்தைய பயிற்சி என்ற ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. ஒரு கால்பந்து வீரரின் பத்து மாதத்துக்கான அடித்தளம் அந்த ஐந்தாறு வாரத்தில்தான் போடப்படுகிறது. மூச்சுத் திறன், தொடைத் தசையின் பலம், புது சகாக்களின் ஓட்டத்தைப் பழகுவது எல்லாம் அதில் அடக்கம். அது இல்லாமல் சீசனில் இறங்கினால், ஆடிக்கொண்டே கட்டவேண்டியிருக்கும். அதற்குள் செப்டம்பர், அக்டோபர், நவம்பர் என்று மாதாமாதம் தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றுக்காக அட்லாண்டிக்கைத் தாண்டிப் போய் வந்தார். முழங்கால் தொல்லை வந்தது. ஜனவரியில் கோவிட். பிப்ரவரியில், ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக்கில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக பெனால்டியை விட்டார். மார்ச்சில் மாட்ரிட்டில் தோற்று வெளியேறிய பிறகு, சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் அவரைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். பிரெஞ்சு லீக்கில் 26 ஆட்டத்தில் வெறும் 6 கோல். எல்லாப் போட்டிகளையும் சேர்த்தாலும் 34 ஆட்டத்தில் 11.

அந்த 6ஐ மட்டும் பார்த்துத்தான் "முடிந்தது" என்றார்கள். அந்த ஆட்டங்களை நள்ளிரவு பன்னிரண்டரைக்கு விழித்திருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், பந்து கம்பத்திலும் குறுக்குச் சட்டத்திலும் பட்டுத் திரும்பியது எத்தனை முறை என்று. கால் கொஞ்சம் கனத்திருந்தது, கண் மங்கவில்லை. அந்தப் பருவத்தின் கடைசியிலேயே அதற்கு அத்தாட்சி கிடைத்தது. 2022 ஜூன் 1இல் வெம்ப்ளியில் இத்தாலியை 3-0 என்று அர்ஜென்டினா தோற்கடித்தபோது ஆட்டத்தை நடத்தியவர் அவர். நாலு நாள் கழித்து எஸ்டோனியாவுக்கு எதிரான 5-0 ஆட்டத்தில் ஐந்து கோலும் அவருடையவை. எஸ்டோனியா சிறிய அணிதான். ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: கிளப் ஃபார்ம் என்பதும் நாட்டு ஃபார்ம் என்பதும் எப்போதும் ஒன்றல்ல.

அப்புறம் வந்தது 2022 கோடை. இந்த முறை முழுப் பயிற்சி கிடைத்தது. ஜூலையில் அணியோடு ஜப்பான் போனார். புதிய பயிற்சியாளர் கிறிஸ்டோஃப் கால்டியே பின்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி, முன்னால் எம்பாப்பேயையும் நெய்மரையும் விட்டு, அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நடுவில் மெஸ்ஸியை வைத்தார். முந்தைய வருடம் வலது ஓரத்தில் போய் நின்று, பந்துக்காகக் காத்திருந்து, உள்ளே வெட்டி வரவேண்டியிருந்தது. இப்போது பந்து இயல்பாக வந்து சேரும் இடத்திலேயே அவர் இருந்தார். 35 வயது ஆளுக்கு இது பெரிய வித்தியாசம். ஓடவேண்டிய தூரம் குறைகிறது, பந்தைத் தொடும் எண்ணிக்கை கூடுகிறது.

ஆகஸ்ட் 6, கிளெர்மோனில் லீக்கின் முதல் ஆட்டம். கடைசி நிமிடங்கள். லியாண்ட்ரோ பரேதஸ் பின்னாலிருந்து ஒரு பந்தைத் தூக்கிப் போடுகிறார். பெட்டிக்குள் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மெஸ்ஸி அதை நெஞ்சில் வாங்குகிறார். பந்து லேசாக எழும்பி, அவர் தலைக்கு முன்னால் தொங்குகிறது. திரும்ப நேரமில்லை. அப்படியே மல்லாந்து தலைக்கு மேலாக உதைக்கிறார், பந்து உள்ளே போகிறது. எத்தனையோ வருடமாக அவர் ஆட்டத்தைப் பார்த்தும், இப்படி ஒரு கோலை அவர் போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே எனக்குப் பட்டது, இது தன் உடம்பை மறுபடி நம்பத் தொடங்கிய ஆளின் கோல் என்று. முதுகும் இடுப்பும் சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கை இல்லாமல் யாரும் அப்படிப் பின்னால் விழமாட்டார்கள்.

அங்கிருந்து வரிசையாக வந்தது. நீஸுக்கு எதிராக ஃப்ரீகிக்கில் ஒன்று. லிஸ்பனில் பென்ஃபிகாவுக்கு எதிராக வளைத்துப் போட்ட ஒன்று. அக்டோபர் 25இல் மக்காபி ஹைஃபாவை 7-2 என்று வென்றதில் இரண்டு கோலும் இரண்டு அசிஸ்ட்டும் (சகா கோல் போட எடுத்துக்கொடுத்த பந்துகள்). நாலு நாள் கழித்து ட்ருவாவுக்கு எதிராகத் தூரத்திலிருந்து ஒன்று. உலகக் கோப்பைக்காக லீக் நிற்கும்போது கணக்கு இப்படி இருந்தது: 19 ஆட்டம், 12 கோல், 14 அசிஸ்ட். முந்தைய முழு சீசனில் போட்டதைவிட ஒரு கோல் அதிகம், ஏறக்குறைய பாதி ஆட்டங்களில். செப்டம்பரில் அர்ஜென்டினாவுக்காக ஹோண்டுராஸுக்கு எதிராக இரண்டு, ஜமைக்காவுக்கு எதிராக மாற்று வீரராக இறங்கி இரண்டு.

இதே காலத்தில் அவர் ஆடாத ஆட்டங்களையும் பாருங்கள். பென்ஃபிகா ஆட்டத்தில் கெண்டைக்காலில் பிடிப்பு என்று வெளியே வந்தவர் சில ஆட்டங்களுக்கு ஓய்வெடுத்தார். நவம்பர் தொடக்கத்தில் குதிகால் தசைநாணில் வீக்கம் என்று லோரியான் கிளப்புக்கு எதிரான லீக் ஆட்டத்துக்குப் போகவில்லை. இருபத்தைந்து வயது மெஸ்ஸி இதையெல்லாம் கேட்டிருக்கமாட்டார். மாற்று வீரர் வேண்டாம், எல்லா நிமிடமும் நானே ஆடுகிறேன் என்ற ஆள் அவர். இது தன் கடைசி உலகக் கோப்பை என்று அக்டோபரில் அவரே பேட்டியில் சொல்லியிருந்தார். அந்த நினைப்போடு ஆடுகிறவருக்கு, லோரியானில் கிடைக்கும் மூன்று புள்ளியைவிடத் தன் குதிகால் பெரிது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

சரி, காலண்டருக்கு வருவோம்.

உலகக் கோப்பை வழக்கமாக ஜூனில் நடக்கும். ஐரோப்பிய லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடியும். அதாவது உலகின் சிறந்த வீரர்கள் ஐம்பது, அறுபது ஆட்டம் ஆடி ஓய்ந்த கால்களோடு உலகக் கோப்பைக்கு வருகிறார்கள். ஓட்டப்பந்தய வீரர்களும் நீச்சல் வீரர்களும் பெரிய போட்டிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு பயிற்சியின் அளவைக் குறைப்பார்கள். வேகத்தைக் குறைக்கமாட்டார்கள், தூரத்தை மட்டும் குறைப்பார்கள். உடம்பில் சேர்ந்த களைப்பு வடிந்து, கட்டிவைத்த திறன் மேலே தெரியும். உச்சம் என்பது அப்படித்தான் வரவழைக்கப்படுகிறது. கால்பந்து வீரருக்கு அந்தச் சலுகை கிடையாது. சீசன் அவர் கையில் இல்லை. எந்த வாரம் கோப்பை இறுதி ஆட்டமோ அந்த வாரம் முழு வேகத்தில் ஆடியாகவேண்டும், அது உலகக் கோப்பைக்கு மூன்று வாரம் முன்பு வந்தாலும்.

கத்தாரின் வெயிலுக்காக 2022 போட்டியை நவம்பர் 20க்குத் தள்ளியது இந்த ஒழுங்கையே மாற்றிவிட்டது. வீரர்கள் மூன்றரை மாதம் ஆடியிருந்தார்கள். பயிற்சியின் பலன் உடம்பில் இருந்தது, ஆட்டத்தின் தாளம் பிடிபட்டிருந்தது, சீசன் முடிவின் களைப்பு இன்னும் ஏறவில்லை. ஒரே கிளப்பின் மூன்று முன்வரிசை ஆட்களும் அந்தச் சமயம் ஒன்றாக உச்சத்தில் இருந்தது அதனால்தான் என்பது என் கணிப்பு. நெய்மர் 15 கோலோடும் எம்பாப்பே 19 கோலோடும் தோஹாவுக்குக் கிளம்பினார்கள். எம்பாப்பே அங்கே 8 கோல் போட்டு தங்கக் காலணி வாங்கினார். நெய்மருக்கு முதல் ஆட்டத்திலேயே செர்பியாவிடம் கணுக்கால் போனது.

இப்போது முதலில் சொன்ன அந்த வேறு ஒருவர். பிரான்ஸின் கரீம் பென்சிமா. 2021-22 சீசனில் ரியல் மாட்ரிட்டுக்காக 46 ஆட்டத்தில் 44 கோல். மார்ச் 9இல் மெஸ்ஸியின் அணிக்கு எதிராகவே பதினேழு நிமிடத்தில் மூன்று கோல், ஏப்ரலில் செல்சீக்கு எதிராக லண்டனில் மூன்று. பெட்டிக்குள் அவர் நின்ற நிதானமும், தொட்ட ஒவ்வொரு பந்தும் கோலாக மாறும் என்று எதிரணி பயந்த விதமும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. 2022 ஜூனில் உலகக் கோப்பை நடந்திருந்தால், உலகிலேயே சிறந்த ஃபார்மில் இருந்த ஆள் அவர்தான். அதே ஜூனில் மெஸ்ஸி தன் கிளப் வாழ்க்கையின் மிக மங்கலான சீசனை முடித்திருந்தார். ஐந்தே மாதத்தில் எல்லாம் தலைகீழ். அக்டோபர் 17இல் பென்சிமாவுக்கு உலகின் சிறந்த வீரருக்கான பலோன் தோர் என்ற தங்கப் பந்து விருது கிடைத்தது. அந்த மாதக் கடைசியிலிருந்து தொடைத் தசைக் காயத்தால் ஏறக்குறைய அவர் ஆடவே இல்லை. நவம்பர் 19ஆம் தேதி, போட்டி தொடங்குவதற்கு முந்தைய நாள், தோஹாவில் பயிற்சியிலேயே தொடை மறுபடி இழுத்து, அணியிலிருந்து விலகினார். ஒரு சிறந்த வீரரின் உச்சம் இப்படி உலகக் கோப்பை இல்லாத வசந்தத்தில் வந்துவிட்டுப் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

நவம்பரில் நடத்தியதற்கும் ஒரு விலை உண்டு. கிளப்புகள் வீரர்களை விடவேண்டிய நாள் நவம்பர் 14, போட்டிக்கு ஆறே நாள் முன்பு. அதனால் கடைசி இரண்டு வாரத்தில் யாருக்கு அடிபட்டாலும் ஆறவைக்க நேரமில்லை. சாடியோ மானேவுக்கு நவம்பர் 8இல் முழங்காலுக்குக் கீழே அடி, செனகல் அவர் இல்லாமலே ஆடியது. தென் கொரியாவின் சோன் கண்ணைச் சுற்றிய எலும்பு முறிந்து, முகமூடி போட்டு ஆடினார். அர்ஜென்டினாவுக்கே, நடுவரிசையில் மெஸ்ஸியோடு மிக நன்றாகப் பழகிய லோ செல்சோ அறுவைச் சிகிச்சையால் கிடைக்கவில்லை. மெஸ்ஸி அந்த இரண்டு வாரத்தைக் கடந்தது அதிர்ஷ்டமும்தான், அதை மறைக்கமுடியாது.

ஜூன் உலகக் கோப்பைகள் உச்ச ஃபார்மில் இருந்தவர்களை எப்படிப் பாடாய்ப்படுத்தின என்பதற்கு 2018இன் முகமது சாலா போதும். அந்த சீசனில் லிவர்பூலுக்காக 44 கோல். அதில் பிரீமியர் லீக்கில் 32, முப்பத்தெட்டு ஆட்ட சீசனில் அதுவரை யாரும் போடாதது. முந்தைய அக்டோபரில் காங்கோவுக்கு எதிராக, தொண்ணூறு நிமிடம் முடிந்து நடுவர் சேர்த்த நேரத்தில், 95ஆவது நிமிடத்தில் பெனால்டியை அடித்து, 1990க்குப் பிறகு முதல் முறையாக எகிப்தை உலகக் கோப்பைக்குக் கொண்டுபோனவரும் அவரே. மே 26, கீவ் நகரில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. அரைமணி நேரத்தில் ரியல் மாட்ரிட்டின் ராமோஸோடு கை பின்னிக்கொண்டு விழுந்தார், தோள் போனது, அழுதுகொண்டே வெளியேறினார். எகிப்தின் முதல் ஆட்டம் ஜூன் 15, அவருடைய 26ஆவது பிறந்தநாள். முழு ஆட்டமும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். 89ஆவது நிமிடத்தில் உருகுவே கோல் போட்டது. அடுத்த இரண்டு ஆட்டத்திலும் இறங்கி ஒவ்வொரு கோல் போட்டார், எகிப்து மூன்றிலும் தோற்றது. உச்சத்தில் இருப்பவர்தான் கடைசிவரை எல்லாக் கோப்பைகளிலும் ஆடிக்கொண்டிருப்பார். அதனால் அவருக்குத்தான் ஓய்வு குறைவு, அடிபடும் வாய்ப்பு அதிகம். ஜூன் காலண்டரின் கொடுமையே இதுதான்.

2002 பிரான்ஸ் இதைவிடப் பெரிய உதாரணம். அந்த வருடம் இங்கிலாந்து லீக்கில் அதிக கோல் போட்டவர் ஆன்றி, 24. இத்தாலியில் முதலிடத்தைப் பகிர்ந்தவர் ட்ரெசெகே, அவரும் 24. பிரான்ஸில் முதலிடத்தைப் பகிர்ந்தவர் சிஸ்ஸே, 22. மூன்று நாட்டு லீக்குகளின் முதலிடக்காரர்களும் ஒரே அணியில். அவர்களுக்குப் பின்னால் ஜிதான். மே 15ஆம் தேதி கிளாஸ்கோவில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில், ராபர்ட்டோ கார்லோஸ் தூக்கிவிட்ட பந்து வானத்திலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்து, தரையில் விழுமுன் இடது காலால் அந்த வாலியை அடித்துப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. தென் கொரியாவோடு ஒரு நட்பு ஆட்டத்தில் அவர் தொடை இழுத்துக்கொண்டது. முதல் இரண்டு ஆட்டத்தில் அவர் இல்லை. மூன்றாவதில் தொடையைச் சுற்றிக் கட்டுப் போட்டு இறங்கினார். உலகச் சாம்பியனாக வந்த பிரான்ஸ் மூன்று ஆட்டத்தில் ஒரு கோல்கூடப் போடாமல் ஊர் திரும்பியது. லீக்கின் கோல் கணக்கை வைத்து உலகக் கோப்பையைக் கணிக்காதீர்கள் என்று நான் சொன்னால், நினைப்பது இந்த அணியைத்தான்.

மறுபக்கம், ஃபார்ம் என்று சொல்ல எதுவுமே இல்லாமல் வந்து ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். இத்தாலியின் பாவ்லோ ரோஸிக்கு இருந்த இரண்டு வருடத் தடை 1982 ஏப்ரல் கடைசியில்தான் முடிந்தது. யுவெண்டஸுக்காக மூன்றே லீக் ஆட்டம் ஆடிவிட்டு ஸ்பெயினுக்குப் போனார். முதல் நாலு ஆட்டத்தில் கோல் இல்லை. ஐந்தாவதில் பிரேசிலுக்கு எதிராக மூன்று, அப்புறம் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் ஒன்று. நெதர்லாந்தின் மார்கோ வான் பாஸ்டன் கணுக்கால் அறுவைச் சிகிச்சையால் 1987-88 சீசனில் மிலானுக்காக 11 லீக் ஆட்டம்தான் ஆடினார். ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ 88 போட்டியின் முதல் ஆட்டத்தில் பெஞ்சில் தொடங்கியவர், அடுத்த ஆட்டத்தில் இங்கிலாந்துக்கு மூன்று கோல் அடித்தார். இறுதியில் கோலுக்கு மிகக் குறுகிய கோணத்திலிருந்து அடித்த அந்த வாலியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பிரேசிலின் ரொனால்டோ முழங்கால் தசைநாண் கிழிந்து, 2000 ஏப்ரலில் திரும்பிய ஆட்டத்தில் ஏழெட்டு நிமிடத்துக்குள் மறுபடி கிழிந்து, அடுத்த சீசன் முழுவதையும் இழந்தார். 2001-02இல் இத்தாலிய லீக்கில் ஆடியது 10 ஆட்டம். அந்தக் கால்களோடு தென் கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் போய் 8 கோல் போட்டு உலகக் கோப்பையை வென்றார்.

இந்த மூவருக்கும் பொதுவானது ஒன்றுதான்: மற்றவர்கள் களைத்திருந்தபோது இவர்கள் கால் புதிதாக இருந்தது. காயத்தை நான் சிபாரிசு செய்யவில்லை. ரொனால்டோ அந்த இரண்டு வருடம் பட்டதை எந்தக் கோப்பையும் ஈடுசெய்யாது. ஆனால் 'உச்ச ஃபார்ம்' என்று நாம் சொல்வதில் ஆட்டத் தாளம் ஒரு பாதி, புத்துணர்ச்சி மறு பாதி. ஜூனில் முதல் பாதி நிறைய இருக்கும், இரண்டாவது பாதி இருக்காது. காயத்திலிருந்து வருபவருக்கு நேர்மாறு. 2022 நவம்பரில் மெஸ்ஸிக்கு இரண்டும் இருந்தன.

அவருடைய முந்தைய உலகக் கோப்பைகளைப் பார்த்தாலும் இதுவே தெரியும். 2009-10இல் பார்சிலோனாவுக்காக 47 கோல் போட்டுவிட்டு தென்னாப்பிரிக்கா போனார். அங்கே ஒரு கோல்கூட இல்லை, கால் இறுதியில் ஜெர்மனியிடம் 0-4. வாழ்க்கையின் மிக உயர்ந்த ஃபார்ம் எது என்று கேட்டால் 2011-12, ஒரே சீசனில் 73 கோல். 2012 காலண்டர் வருடத்தில் மொத்தம் 91. அந்த வருடம் உலகக் கோப்பை கிடையாது. 2013 நவம்பரில் தொடைத் தசை கிழிந்து இரண்டு மாதம் வெளியே இருந்தார். 2014இல் பிரேசிலில் குழு ஆட்டங்களில் நாலு கோல் போட்டு, அதன்பின் இறுதிவரை ஒன்றும் போடமுடியவில்லை. கூடுதல் நேரம் ஆட ஆட அவர் கால் மண்ணில் புதைவதுபோல் இருந்தது.

இப்போது மூன்றாவது பங்கு, அணி. 35 வயதில் ஃபார்ம் என்பது 25 வயது ஃபார்ம் இல்லை. தொண்ணூறு நிமிடமும் பந்து வைத்திருக்கும் எதிராளியை விரட்டி அவரால் அழுத்தம் கொடுக்கமுடியாது. மெஸ்ஸி ஆட்டத்தின் பெரும்பகுதி நடந்துகொண்டே இருப்பார். தலை மட்டும் இடமும் வலமும் திரும்பிக்கொண்டிருக்கும், எதிரணித் தற்காப்பில் எங்கே இடைவெளி என்று குறித்துக்கொண்டிருப்பார். அவர் நடக்கவேண்டும் என்றால் மற்ற பத்துப் பேர் ஓடவேண்டும். டி பால் அதைச் செய்தார், மக் ஆலிஸ்டர் செய்தார். பயிற்சியாளர் ஸ்கலோனி அணியையே அந்தக் கணக்கில்தான் கட்டினார். அப்படியும் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 1-2 என்று தோற்றார்கள், 36 ஆட்டம் தோற்காமல் வந்திருந்த அணி. மெஸ்ஸி அன்று கோல் போட்டார், ஃபார்மிலும் இருந்தார். ஆனால் சுற்றி இருந்த அணி இன்னும் சரியாகப் பொருந்தவில்லை.

அடுத்த ஆட்டம் மெக்ஸிகோ. தோற்றால் ஊருக்குப் போகவேண்டியதுதான். ஒரு மணி நேரம் எதுவும் நடக்கவில்லை, மெஸ்ஸியும் ஒன்றும் செய்யவில்லை. 64ஆவது நிமிடம். வலப்பக்கத்திலிருந்து டி மரியா பந்தை உள்ளே தள்ளுகிறார். பெட்டிக்கு வெளியே மெஸ்ஸியைச் சுற்றி இரண்டு கெஜம் காலி இடம். ஒரு தொடலில் பந்தை நிறுத்துகிறார். அடுத்த தொடலில் இடது காலால் தாழ்வாக, தரையோடு தரையாக, தூரக் கம்பத்தின் ஓரத்துக்கு அடிக்கிறார். மெக்ஸிகோ கோல்கீப்பர் ஒச்சோவா முழு நீளத்துக்குப் பாய்ந்தும் எட்டவில்லை. பெரிய வேகம் இல்லாத அடிதான், அந்த இடத்தைத் தவிர வேறு எங்கே போனாலும் பிடித்திருப்பார். 2021இல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய அதே அடி இப்போது கம்பத்துக்கு உள்பக்கமாகப் போகிறது. ஃபார்ம் என்பதைக் காட்டச் சொன்னால் நான் இந்த ஓர் அடியைத்தான் காட்டுவேன். அதே ஆட்டத்தில் மாற்று வீரராக வந்த என்ஸோ ஃபெர்னாண்டஸ் இரண்டாவது கோல் போட்டார். போலந்து ஆட்டத்திலிருந்து அவரும் ஹூலியன் ஆல்வாரஸும் முதல் பதினொருவரில் வந்தார்கள். அணி அன்றைக்குத்தான் பொருந்தியது. ஓடக்கூடிய இரண்டு இளம் ஆட்கள் சேர்ந்ததும் மெஸ்ஸியின் நடை சுமையாக இல்லாமல் பலமாக மாறியது.

அரையிறுதி, குரோஷியா. ஆட்டத்தின் தொடக்கத்தில் மெஸ்ஸி தொடையின் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என் மனம் அடித்துக்கொண்டது, இன்னொரு பென்சிமாவா என்று. அந்த ஆட்டத்தின் 69ஆவது நிமிடத்தில் அவர் நடுக்கோட்டுக்கு அருகே வலது ஓரத்தில் பந்தை வாங்கினார். மேலே ஒட்டிக்கொண்டவர் குவார்டியோல், இருபது வயது, முகமூடி போட்டவர், அந்தப் போட்டியின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவர். அவரை விட்டு மெஸ்ஸி ஓடிப்போகவில்லை, அந்த வேகம் இப்போது அவரிடம் இல்லை. ஓடினார், நின்றார், குவார்டியோலும் நின்றார். மறுபடி கிளம்பினார், தோளால் தள்ளியும் பந்து காலைவிட்டுப் போகவில்லை. பெட்டிக்குள் முதுகைக் காட்டித் திரும்பி, கோல் கோட்டை ஒட்டி உள்ளே நுழைந்து, பின்னால் வந்த ஆல்வாரஸுக்குத் தள்ளினார். 3-0. பதினைந்து வயது இளையவரை அவர் வென்றது வேகத்தால் இல்லை, நின்று கிளம்பும் அந்த முதல் இரண்டு அடியால். கெண்டைக்காலும் தொடையும் தெம்பாக இருந்தால்தான் அந்த இரண்டு அடி வரும். லோரியான் ஆட்டத்துக்குப் போகாமல் இருந்ததன் பலன் அந்த இடத்தில் எனக்குத் தெரிந்தது.

ஏழு ஆட்டம், 690 நிமிடம், ஒரு நிமிடம்கூட வெளியே உட்காரவில்லை. 7 கோல், 3 அசிஸ்ட். இறுதி ஆட்டத்தில் 108ஆவது நிமிடத்திலும் கோலுக்கு முன்னால் சரியான இடத்தில் நின்று கோல் போட்டார். 2014இல் கூடுதல் நேரத்தில் புதைந்த கால்கள் எட்டு வருடம் கழித்து அதே கட்டத்தில் நின்றன.

ஆக, திட்டமிட முடியுமா என்ற கேள்விக்கு: ஓரளவு முடியும். முழுப் பயிற்சிக் காலம், பொருத்தமான இடம், விடவேண்டிய ஆட்டத்தை விடும் துணிவு, இவை மனிதர் கையில் உள்ளவை. மெஸ்ஸி மூன்றையும் செய்தார். போட்டி எந்த மாதம் நடக்கும், நவம்பர் முதல் வாரத்தில் யார் வந்து காலில் இடிப்பார்கள் என்பதெல்லாம் யார் கையிலும் இல்லை. இதையே 2022 ஜூனுக்கு அவர் திட்டமிட்டிருந்தாலும் நடந்திருக்காது. அடித்தளமே போடாத சீசன் அது.

அந்த உச்சம் நிரந்தரமும் இல்லை. ஜனவரியில் பாரிஸுக்குத் திரும்பிய பிறகு மெஸ்ஸி அந்த சீசனில் இன்னும் 22 ஆட்டம் ஆடினார். அதற்கு முந்தைய 19 ஆட்டத்தில் 12 கோலும் 14 அசிஸ்ட்டும் கொடுத்தவர், இந்த 22இல் கொடுத்தது 9 கோல், 6 அசிஸ்ட்.